அம்மன் வந்திருக்கும்போது குளிசை கொடுக்கலாமா?

செப்டெம்பர் 8, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

"அக்கா, என் மச்சாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. நான்கு இரவாக உறக்கம் இல்லை. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு சாமி அறை வாசலில் இருந்து எல்லோருக்கும் கட்டளை இடுகிறாள். 'இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள்' என்கிறாள். அம்மன் வந்திருக்கிறது என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். ஒரு பூசாரியார் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த நேரத்தில் ஊசி, குளிசை ஏற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ளும், பிள்ளைக்குக் கூடாது என்று படலையை மறித்து நிற்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?"

செப்டெம்பர் 8, இரவு

புரியவைக்க வேண்டாம். இன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990-க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதுவரை மச்சாளையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள், கிணற்றடிக்குப் போகிற நேரம்கூட. மற்றவற்றை நாளைக்குக் கதைப்போம்.

செப்டெம்பர் 9

ஏன் அவ்வளவு பதற்றம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். உறக்கம் போகும், பேச்சு ஓடும், பிள்ளை தன்னுடையது அல்ல என்றோ தெய்வப் பிறவி என்றோ பேய் என்றோ தோன்றும். காலையில் தெளிந்தவள் போல இருப்பாள், மாலையில் கையை மீறிப் போய்விடுவாள். தாயும் பிள்ளையும் உயிர் இழக்கக்கூடிய நோய் இது. நேரத்தோடு மருந்து கிடைத்தால் மிகப் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. மனநோய்களில் இவ்வளவு நல்ல முடிவு உள்ளவை குறைவு. அதனால்தான் வயிறு எரிகிறது.

மாமியாரிடம் என்ன சொல்வது? 'அம்மன் இல்லை' என்று தொடங்கினால் நீங்கள் தோற்றீர்கள். அவர் வழியிலேயே போய்க் கேளுங்கள்: மாமி, பிள்ளை பிறந்த முப்பத்தொரு நாள் துடக்கு இன்னும் கழியவில்லை. துடக்கு வீட்டில் விளக்குக்கூட ஏற்ற விடமாட்டீர்கள். அம்மன் மட்டும் படலை திறந்து உள்ளே வந்துவிட்டாவா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தடுமாறிய ஒரு கிழவியை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர் தடுமாறிய இடைவெளியில் ஓட்டோ வந்துவிட்டது.

இன்னொன்று. குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையை நிறுக்க எப்படியும் வீட்டுக்கு வருவார். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். வைத்தியரை மறிக்கிற படலை அவருக்குத் திறக்கும்.

செப்டெம்பர் 11

'மூடநம்பிக்கையை எதிர்க்க வேண்டிய இடத்தில் துடக்குக் கணக்குப் பார்க்கிறீர்களே' என்று ஒரு பெரியவர் கடிந்து எழுதியிருக்கிறார். ஐயா, தீப்பிடித்த வீட்டு முற்றத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் வைக்க எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். முதலில் சாப்பாட்டில் குறை பிடித்தான். பிறகு அம்மா குழைத்துத் தரும் சோற்றைத் தொடமாட்டான். கடைக்குத் தானே போய்ப் பாண் வாங்கி, கிணற்றடியில் இருந்து தனியே தின்பான். 'எனக்கு மருந்து போட்டுவிட்டார்கள்' என்றான். வைத்தியர் கேட்டிருந்தால் அதை நோயின் அறிகுறி என்று எழுதியிருப்பார். அம்மா கேட்ட கேள்வி, 'யாரடா போட்டது?'

நோய் சொன்னதை வீடு வழிமொழிந்தது. இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான். அவன் தனியே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவரை அவனுக்குள்ளேயே ஒரு மூலையில் 'அப்படி இருக்காதோ' என்ற எண்ணமும் இருந்திருக்கும். அம்மாவும் மந்திரவாதியும் ஆமென்ற பிறகு அந்த மூலையும் அடைபட்டுப்போனது.

மந்திரவாதி வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார். 'இரத்த உறவு, பெண், தெற்குப் பக்கம்' என்றார். எங்கள் வளவுக்குத் தெற்கே சின்னம்மா வீடு. வேலிக் கதிகால் ஒரு முழம் தள்ளி நாட்டப்பட்டது பற்றி அவர்களோடு முன்பே மனக்கசப்பு. அது ஊருக்கே தெரியும், மைக்குத் தெரியாமல் போகுமா? முருங்கையடியில் தோண்டிச் செப்புத்தகடு ஒன்றை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வருடக்கணக்காக மண்ணுக்குள் கிடந்ததாகச் சொன்ன தகட்டில் களிம்பின் பச்சை ஒரு பொட்டும் இல்லை. கத்தரிக்கோல் வெட்டிய விளிம்பு கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அந்த நேரம் எடுபட்டிருக்காது.

கழிப்புக் கழித்தோம். தேசிக்காய், நீற்றுப்பூசணி, கறுத்தச் சேவல். அடுத்த மாரியும் வந்து போனது. மனச்சிதைவு நோயில் முதல் தடவை குழம்பியவருக்கு மருந்து பிந்தப் பிந்த, தேறி வருவதும் கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த மாரிகாலம் தம்பியின் கணக்கில்தான் கழிந்தது.

தம்பிக்கு ஒருவழியாக மருந்து கிடைத்தது. சின்னம்மாவுக்கு என்ன மருந்து? சித்தப்பாவின் செத்தவீட்டுக்கும் அம்மா போகவில்லை.

செப்டெம்பர் 14

'படித்த குடும்பங்களும் ஏன் இப்படி?' என்று கேட்டவருக்கு. நீங்கள் படிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். கலியாணத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் எனக்குக் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு மனநோய் என்றால் அது பரம்பரை, பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று புரோக்கர் வாயால் ஊர் சுற்றிவிடும். செய்வினை என்றால் அது வெளியிலிருந்து வந்தது, கழித்தால் போய்விடும், இரத்தத்தில் ஒட்டாது. அம்மா அந்த விளக்கத்தை நம்பியதற்கு அம்மாளாச்சி மீதிருந்த பக்தி பாதிக் காரணம் என்றால், என் கலியாணம் மறுபாதி. இதை வைத்து இப்போது யோசித்தால் அம்மாவை வெறும் அறியாமை என்று தள்ள மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒன்றையாவது கரைசேர்க்கப் பார்த்திருக்கிறார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவாக வருகிறது. உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 வீதம். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. எந்தப் புரோக்கரும் இந்த ஒன்பதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஒரு தாயை எனக்குத் தெரியும். மகளோடு மாதாமாதம் தெல்லிப்பழைக்குப் போவார். 'துர்க்கை அம்மனுக்கோ?' என்று பஸ்ஸில் கேட்டால் 'ஓம்' என்பார். பொய்யில்லை, அம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார். பைக்குள் மேலே அர்ச்சனைக்கு வாழைப்பழமும் தேங்காயும் இருக்கும், அடியில் ஆதார வைத்தியசாலை உளநலப் பிரிவின் கிளினிக் கொப்பி இருக்கும். கோயிலும் ஆஸ்பத்திரியும் ஒரே ஊரில் இருப்பதால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கிறதோ தெரியாது.

செப்டெம்பர் 15

சொல்ல மறந்தது. எங்கள் மந்திரவாதியின் வீட்டில், காளி படத்துக்குக் கீழே, திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மெட்போர்மின் அட்டை ஒன்று பாதி வெறுமையாகக் கிடந்தது. அவருடைய சர்க்கரைக்கு யாரும் செய்வினை செய்யவில்லை போலும்.

செப்டெம்பர் 19

சைவத்தை மட்டும் பிடித்து உலுப்புகிறேன் என்று ஒருவர். சரி, சபைக் கதை.

கிளினிக்கில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய்க் குளிசை தொடங்கி, தம்பி ஓரளவு தேறினான். உறவினர் யாரும் அவனோடு கதைப்பதில்லை. அந்த நேரம் ஒரு பழைய வகுப்புத் தோழன் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், பக்கத்தில் இருத்தினார்கள், கிற்றார் பழக்கினார்கள், சாப்பாடு போட்டார்கள். அந்தச் சாப்பாட்டைச் சந்தேகமில்லாமல் தின்றான். எங்கள் சாதிசனம் ஒன்றும் செய்யாததை அந்நியர்கள் செய்தார்கள் என்பதை நான் எங்கேயும் சொல்வேன்.

பிறகு ஒரு உபவாச ஜெபத்தில் பாஸ்டர் கேட்டாராம்: 'பூரண விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு?' தம்பி அன்றிரவே நிறுத்திவிட்டான். அடுத்த ஞாயிறு சாட்சி சொன்னான், எல்லோரும் கை தட்டினார்கள்.

இங்கேதான் பொறி. இந்த மருந்தை நிறுத்தினால் நோய் மறுநாளே திரும்புவதில்லை. வாரங்கள் போகும், சிலருக்கு மாதங்கள் போகும். அதற்கிடையில் மருந்தால் வந்த கைநடுக்கம், நித்திரை மயக்கம், வாயில் நீர் வடிதல் எல்லாம் குறையும். முகம் தெளியும். 'பாருங்கள், குளிசையை விட்டதும் பிள்ளை எப்படி இருக்கிறான்' என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஜெபத்துக்குப் பெயர் கிடைத்த பிறகுதான் நோய் வந்து கதவைத் தட்டும். வந்தபோது, 'விசுவாசத்தில் குறை, வீட்டில் விக்கிரகம் இருக்கிறது' என்றார்கள். வென்றால் ஜெபம், தோற்றால் நோயாளி.

மந்திரவாதியும் இதே வழியில்தான் பிழைக்கிறார். எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயில் பித்தம் ஏறிய நிலை மருந்து இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தானாக இறங்கும். கடைசியாக யார் கழிப்புக் கழித்தாரோ அவருக்குப் புகழ்.

எனவே ஒரு கோயிலையோ சபையையோ தர்காவையோ பற்றி என்னிடம் கேட்டால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குளிசையை நிறுத்தச் சொன்னார்களா? இல்லை என்றால் தாராளமாகப் போகட்டும். ஆம் என்றால் அங்கே பாடுகிற பாட்டு எவ்வளவு இனிமை என்றாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செப்டெம்பர் 20

நேற்றைய குறிப்பால் கத்தோலிக்க நண்பர் ஒருவருக்குக் கோபம். நியாயம்தான், சபைகளெல்லாம் ஒன்றல்ல. அவர் தங்கள் பைபிளில் உள்ள சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்: மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று அங்கே இருக்கிறது. நானும் ஒன்று சேர்க்கிறேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, நம் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஜெபமும் செய்தார், மருந்தும் கொடுத்தார்.

சைவர்களும் மார்தட்ட வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். முயலகன் என்ற வலிப்பு நோயால் கிடந்த கொல்லி மழவன் மகளைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இதை மேற்கோள் காட்டி வலிப்புக் குளிசையை நிறுத்தச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சம்பந்தர் அல்ல. சித்த மருத்துவமோ மனநோய்களைக் கிரிகை என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்து மருந்து சொல்லியிருக்கிறது. நம் முன்னோருக்கும் இது மருந்து கேட்கிற நோயாகவே தெரிந்திருக்கிறது.

செப்டெம்பர் 24

'வெளிநாட்டில் இப்படியெல்லாம் இல்லை' என்று கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி. ஜேர்மனியில் அன்னலீஸ் மிஷேல் என்ற 23 வயது மாணவி 1976-இல் இறந்தாள். வலிப்பு நோய்க்காரி. மருத்துவத்தைக் கைவிட்டு மாதக்கணக்காகப் பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். பட்டினியும் நீரிழப்பும் அவளைக் கொண்டுபோயின. பெற்றோரும் இரண்டு குருமாரும் 1978-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் சயன்டாலஜி என்ற மதம் உளமருத்துவத்தையே எதிரியாகக் கொண்டது. அதைச் சேர்ந்த லிசா மெக்பெர்சன் 1995-இல் ஒரு சிறு வாகன விபத்துக்குப் பின் மனம் குழம்பியபோது, சக விசுவாசிகள் வைத்தியசாலையிலிருந்து அவரை அழைத்துப் போனார்கள். 17 நாள் அவர்களுடைய விடுதியில் இருந்தார், பிறகு இறந்தார். குற்ற வழக்கு 2000-இல் கைவிடப்பட்டது.

ஏர்வாடி நமக்குக் கிட்ட. கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டம். தர்காவை நம்பி வந்தவர்களைச் சுற்றியிருந்த தனியார் விடுதிகளில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியப்புறம் ஒரு கொட்டகையில் தீ. 28 பேர். சங்கிலியோடு எப்படி ஓடுவது? இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடியில் பிறகு தர்காவிலேயே உளமருத்துவர் இருக்கும் ஏற்பாடு வந்தது: தொழுகையும் நடக்கும், குளிசையும் கிடைக்கும்.

செப்டெம்பர் 28

இத்தனை நாளும் கோயிலையும் சபையையும் சொன்னேன். மருந்துப் பக்கத்தைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

நாங்கள் போன கிளினிக் ஒன்றில் விடிய ஆறு மணிக்குத் துண்டு எடுக்க வரிசை. பதினொரு மணிக்கு உள்ளே. வைத்தியர் தலை நிமிராமல், 'நித்திரை வருதா, சத்தம் கேட்குதா' என்று இரண்டு கேள்வி கேட்டார். அவ்வளவுதான். வெளியே தம்பியின் பெயரை ஊருக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்கள், அயல்வீட்டுக்காரர் பக்கத்து வாங்கிலில். மந்திரவாதி எங்களோடு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து, அப்பா செத்தது முதல் தம்பியின் பரீட்சை வரை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சொன்ன விடை பிழை. கேட்ட விதம் பிழை இல்லை.

பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருந்தும் இல்லை, விசேட சடங்கும் இல்லை. கூட்டுவது, கோலம் போடுவது, கும்பிடுவது, கூடவே வீட்டார் ஒருவர். நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 வீதம் குறைந்திருந்தது. இதைக் காட்டி மருந்து வேண்டாம் என்பவர்கள் அந்த எண்ணை மீண்டும் வாசிக்கட்டும். மீதி 80 அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 20-ஐ நம் வாட்டுகளில் யார் கொடுக்கிறார்கள்?

யுத்த காலத்தில் இங்கே உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத் தெரிந்துதான், மனதைத் தளர்த்தும் பயிற்சியை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக்கொடுத்தார். சைவருக்கு 'ஓம்', கிறிஸ்தவருக்கு அவர்களுடைய ஜெபம். செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடத்தில் அன்னதானச் சோறு தின்று, யாரும் துரத்தாமல் காலம் கழிக்கும் மனிதர்களைப் பார்க்கும்போது, கந்தனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அவர்கள் மடியில் கிளினிக் கொப்பியும் இருக்கவேண்டும் என்றுதான் ஆசை.

ஒக்டோபர் 3

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மச்சாள் அன்றிரவு போகவில்லை, மறுநாள் மத்தியானம்தான் போனார். குடும்பநல உத்தியோகத்தர் வந்து அழைத்துப்போனாராம். இப்போது உறங்குகிறார், பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். மாமியார் வாட்டில் தலையணைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறாராம். இருக்கட்டும். அடுத்த பிள்ளைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம், ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்புக் கூட.

ஒக்டோபர் 9

திசை மாறுகிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாத்திரியாரிடமும் குறி சொல்பவரிடமும் போவதை ஒருவர் இதே கணக்கில் சேர்த்திருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. உடல் இல்லை, எனவே அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை, பொட்டை அழிப்பதா வைப்பதா என்றுகூட முடிவில்லை. எந்தக் குளிசைக்கும் அந்தக் கேள்வி அடங்காது. 'வடக்குத் திசையில் உயிரோடு இருக்கிறான்' என்று சாத்திரியார் சொன்னால் அந்தத் தாய் அன்றிரவு சாப்பிடுகிறாள். ஆனால் அடுத்த வருடமும் அதையே சொல்லிக் காசு வாங்குகிறாரே, அதை என்ன செய்வது? எனக்கு இதில் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை.

ஒக்டோபர் 20

கந்தசஷ்டி வருகிறது. மருந்தை எதிர்க்காத பக்தியும் மருந்தோடு மோதும் இடம் ஒன்று உண்டு.

இருமுனை நோய்க்கு லித்தியம் குளிசை எடுப்பவர்கள் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருக்கவே கூடாது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்கு. விரத மயக்கம் என்று கிடத்திவிடாதீர்கள். விரதத்துக்காகக் குளிசையை நீங்களாக விடவும் வேண்டாம். வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பாலும் பழமும் நீரும் எடுத்துப் பிடிக்கிற விரதமும் விரதம்தான். ரமழானில் நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதே சொல்.

ஒக்டோபர் 23

கடைசிக் கேள்வி ஒரு தாயிடமிருந்து. மகன் சபையின் சொல்லைக் கேட்டுக் குளிசையைத் துப்புகிறான், தேநீரில் கரைத்துக் கொடுக்கலாமா என்று.

அம்மா, உங்கள் அவதி எனக்குத் தெரியும். நாங்களும் அதை யோசித்தோம், தூளாக்க அம்மியடி வரைக்கும் போனோம். 'சாப்பாட்டில் மருந்து போட்டுவிட்டார்கள்' என்று நடுங்குகிறவனுக்குச் சாப்பாட்டில் மருந்து போட்டால், அவன் சொன்னதை நாமே உண்மையாக்கிவிடுகிறோம். ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காண்பான். அதற்குப் பிறகு உங்கள் கையால் தண்ணீரும் வாங்கமாட்டான். தேநீரில் போன அளவு எவ்வளவு என்று வைத்தியருக்கும் தெரியாது.

அவனுக்குத் தெரிய, அவனோடு போய், இரண்டு மூன்று வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசியைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். புளுபெனசின் போன்றவை அரச வைத்தியசாலைகளில் இலவசம். தினமும் குளிசையோடு நடக்கிற சண்டை ஓய்ந்துவிடும். பாஸ்டரையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். வரமாட்டேன் என்றால் வைத்தியரின் கடிதத்தைக் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். சிலர் மாறுகிறார்கள். போகும் வழி தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அதற்குள் மகன் உங்களையோ தன்னையோ காயப்படுத்துவான் போலத் தெரிந்தால் ஊசிக்கும் கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டாம், 1990.